சுவிசில் மலை பழகியவர்

என் அண்ணைக்கு மலை தெரியும். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். லண்டனுக்கு வருவதற்கு முதல் அவர் குடும்பத்தோடு சுவிசில் இருந்தவர். ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. காலையில் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார். அந்தக் குசினிக்கு ஒரு யன்னல் இருந்தது. யன்னலுக்கு வெளியே, தூரத்தில், ஒரு மலை இருந்தது. கோப்பை கழுவும்போது நிமிர்ந்தால் தெரியுமாம். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் லண்டனின் டூட்டிங் பகுதியில் பலசரக்குக் கடை தொடங்கிய நாளிலிருந்து மலை, பனி, ஏற்றம், இறக்கம் என்று எந்தக் கதை எழும்பினாலும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சுவிசில இருந்தவனுக்கு மலையைப் பற்றிச் சொல்லித் தரவேணுமே?" என்று கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று சனத்திடம் கேட்பார். சனம் முருங்கைக்காய் வாங்க வந்தது. அதற்கு இந்தக் கேள்வி தேவையில்லை. மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, முருங்கைக்காயை நிறுத்துக் கொடுப்பார்.

போன வருடம் அண்ணைக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தது. டொக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "நடவுங்கோ" என்றார். எங்கே நடக்கவேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வேறு ஆட்கள் என்றால் டூட்டிங் கொமன் புல்வெளியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, ஒரு பிளேன் ரீயைக் குடித்துவிட்டுக் கிடப்பார்கள். அண்ணை கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தார். ஜோர்தான் நாட்டில் வாதி ரம் என்றொரு பாலைவனம், சிவப்பு மணல், வானத்தில் தொங்குவதுபோல ஒரு பாறைப் பாலம், அதன் மேல் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு தங்கச்சியான எனக்கு அறிவித்தார்.

"பிள்ளை, நாங்கள் பாலைவனத்துக்குப் போறம்."

"ஆர் நாங்கள்?"

"நான், மச்சாள், நீ."

எனக்கு இந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பது விளங்க நேரம் எடுக்கவில்லை. என் கைபேசியில் நல்ல கமரா இருக்கிறது. பல் வைத்தியசாலை ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை செய்வதால், ஆங்கிலத்தில் மரியாதையாகச் சண்டை பிடிக்கவும் வரும். மச்சாள் சாப்பாட்டுக்கு. அண்ணை மலைக்கு. வேலைப் பிரிப்பு கச்சிதமாக இருந்தது.

என் கணவரையும் கேட்டோம். "வெயிலுக்கை சும்மா நடக்கிறதுக்குப் பிளேன் ஏறிப் போற ஆக்களை நான் இப்பத்தான் பாக்கிறன்" என்றுவிட்டு ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

அண்ணையின் பயிற்சி தை மாதத்து மழையில் தொடங்கியது. இரண்டு ஊன்றுதடிகள் வாங்கினார். பிடரியை மூடும் துணி தொங்கும் தொப்பி ஒன்று வாங்கினார். முழங்காலுக்குக் கீழே தனியாகக் கழற்றக்கூடிய களிசான் ஒன்று வாங்கினார், அதை எதற்குக் கழற்றவேண்டும் என்று கடைசிவரை அவருக்கே தெரியவில்லை. இவ்வளவையும் போட்டுக்கொண்டு அப்பர் டூட்டிங் றோட்டில், பஸ் தரிப்பிடத்துக்கும் மீன் கடைக்கும் நடுவில், தடியை ஊன்றி ஊன்றி நடந்தார். முழு உலகமும் குடையோடு போய்க்கொண்டிருக்க இவர் மட்டும் சகாரா வெயிலுக்கு உடுத்தியிருந்தார்.

"அண்ணை, ஸ்கீயிங் போறியளோ?" என்று பக்கத்தில் தலைமுடி வெட்டும் கடைக்காரர் கேட்டார்.

"பாலைவனம்" என்றார் அண்ணை, நிற்காமல்.

"ஓம், ஓம்" என்றார் கடைக்காரர், மழையைப் பார்த்துக்கொண்டு.

மச்சாள் பயிற்சிக்கு வரவில்லை. "நான் கடைக்குள்ளை நாள் முழுக்க நடக்கிறன்தானே" என்றார். அண்ணை என்னிடம் தனியாகக் கவலைப்பட்டார். "உவ எப்பிடி நடக்கப்போறாவோ தெரியேல்லை. ஏலாது எண்டால் நீ அவவோட காம்பில நிண்டுகொள்." நான் தலையாட்டினேன். காம்பில், அதாவது நாங்கள் தங்கப்போகும் கூடாரத்தில், நிற்பதில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது. மச்சாளுக்கு ஏலாமல் போகவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

விமான நிலையத்தில் அண்ணையின் சப்பாத்து புதுப்பெட்டி மணத்தோடு மின்னியது. மச்சாளின் காலில் பழைய மண்ணிறச் சப்பாத்து, கணுக்கால் வரைக்கும். தோல் வெடித்து, எண்ணெய் பூசி, நூல் மாற்றிக் கட்டியிருந்தது.

"உதை எங்க எடுத்தனீங்கள், மச்சாள்?" என்று கேட்டேன்.

"வீட்டில கிடந்தது" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. அண்ணை எங்கள் கடவுச்சீட்டுகளை மூன்றாம் தரமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், மலை ஏறுவதற்கு அதுதான் முக்கியம் என்பதுபோல.

பாலைவனத்தைப் பற்றி நான் ஏளனமாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் ஜீப் அந்தச் சிவப்பு மணலுக்குள் இறங்கியதும் படம் எடுக்கவே மறந்துபோனேன். தரையிலிருந்து நேரே எழும்பிய பாறைகள். சில இடத்தில் மெழுகுதிரி உருகி வழிந்து இறுகியதுபோல. சில இடத்தில் வட்டிலப்பத்தை வெட்டினால் உள்ளே தெரியும் ஓட்டைகள்போல. ஒரு பாறை கீழே ஒடுங்கி மேலே விரிந்து, கறுத்த தொப்பி போட்ட காளான்போல நின்றது. மச்சாள் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்று பார்த்தார். அண்ணை விளக்கம் கொடுத்தார்.

"உதெல்லாம் எரிமலை வெடிச்சு வந்தது."

நான் இதை ஆங்கிலத்தில் சொல்ல, எங்கள் வழிகாட்டி திரும்பி, இது மணற்கல், காற்றும் தண்ணியும் அரித்தது என்றார். முப்பது வயது மதிக்கலாம். அவருடைய ஆங்கிலத்தில் முக்கால்வாசி "நோ ப்ரொப்ளம்", மிச்சம் சிகரெட் புகை.

"அதுக்கு முதல் எரிமலை" என்றார் அண்ணை தமிழில். வழிகாட்டி "நோ ப்ரொப்ளம்" என்றார்.

அடுத்த நாள் விடிய நடக்கத் தொடங்கினோம். மணலில் நடப்பது எப்படி என்றால், நீங்கள் ஒரு அடி வைப்பீர்கள், மணல் அதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அண்ணையின் ஊன்றுதடிகள் கைப்பிடி வரைக்கும் தாழ்ந்தன. அவற்றைப் பிடுங்கி எடுப்பதே ஒரு தேகாப்பியாசமாக இருந்தது. புதுச் சப்பாத்து குதிக்காலைக் கடித்தது. அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை, ஆகவே ஒவ்வொரு பாறையடியிலும் நின்று, "பிள்ளை, இதில ஒரு படம் எடு" என்றார். எனக்கும் மூச்சு வாங்கியதால் நானும் மனமார எடுத்தேன். அண்ணை பாறையில் சாய்ந்து நிற்கும் படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு காலைத் தூக்கி வைத்திருக்கிறார்.

மச்சாள் முதுகில் சாப்பாட்டுப் பை. வழிகாட்டிக்குப் பின்னால், அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து, ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு பாறை வெடிப்புக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் சுவர் உயர்ந்து மேலே வானம் ஒரு நாடாவாகத் தெரிந்தது. உள்ளே குளிர். ஒரு மூலையில் மழைத்தண்ணி பச்சையாகத் தேங்கி நின்றது. நடுவழியில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கல் சிக்கிக்கொண்டு கிடந்தது. அதில் ஏறித்தான் போகவேண்டும். நான் வயிற்றால் ஏறி, பாதியில் ஆடிக்கொண்டு கிடந்தேன். கால் இந்தப் பக்கம், தலை அந்தப் பக்கம். வரவேற்பு மேசையில் என்னை மேடம் என்று கூப்பிடுகிற ஆட்கள் யாரும் அந்நேரம் அங்கே இல்லாதது ஒரு கொடுப்பினை.

"வலது காலை மடக்கி அந்தக் குழியில வையும் மச்சாள். கையால இழுக்காதையும், காலால தள்ளும்" என்று, என்னை முன்னால் விட்டுப் பின்னால் நின்ற மச்சாள் சொன்னார். அவருக்கு நானும் மச்சாள்தான். அப்படியே செய்தேன். ஏறிவிட்டேன். மச்சாள் எங்கே கை வைத்தார், எங்கே கால் வைத்தார் என்று நான் பார்க்க முதல் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

பாலம் அதற்கு அங்கால் இருந்தது. கீழேயிருந்து பார்க்க, இரண்டு பாறைக்கு நடுவில் யாரோ மறந்துபோய் விட்டுவிட்ட ஒரு வளைவு. அதற்குப் போக ஒரு சரிந்த கற்பாறையில் ஏறவேண்டும். பிடிக்க ஒன்றும் இல்லை, வழுவழுவென்று, யானை முதுகுபோல. அண்ணை தொப்பியைச் சரிசெய்தார்.

"சுவிசில இதைவிடப் பெரிசு" என்றார்.

பாதி வரைக்கும் நன்றாகத்தான் போனார். பாதியில் திரும்பிக் கீழே பார்த்தார். அதோடு சரி. அப்படியே குந்தி, இரண்டு கையையும் கல்லில் அழுத்திக்கொண்டு இருந்துவிட்டார். வழிகாட்டி கையை நீட்டினார்.

"வேண்டாம். நான் வியூ பாக்கிறன்" என்றார் அண்ணை. கண் இறுக்கி மூடியிருந்தது.

நாங்கள் கொஞ்சநேரம் காத்திருந்தோம். வியூ முடிவதாக இல்லை. வழிகாட்டி அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். மேலே ஒரே வழிதான், பயமில்லை, நீங்கள் போங்கள், நான் இவரோடு இருக்கிறேன் என்றார்.

"ஒருத்தரும் போகவேண்டாம்" என்றார் அண்ணை, கண்ணைத் திறக்காமல். "இஞ்சேரும், நீரும் இதில இரும். விழுந்து கிழுந்து போவீர்."

மச்சாள் பையைத் திறந்து தண்ணிப் போத்தலையும் இரண்டு பிஸ்கட்டையும் எடுத்து அண்ணையின் மடியில் வைத்தார். "சீனி இறங்கிப் போகும், சாப்பிடுங்கோ. நான் போட்டு வாறன்" என்றார்.

அண்ணையிடம் மச்சாள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "போகட்டோ" என்றுதான் கேட்பார். அண்ணையும் கேட்டதில்லை போலும், ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அதற்குள் மச்சாள் கையையும் ஊன்றாமல், குனிந்த முதுகோடு, சின்னச் சின்ன அடியாக மேலே போய்விட்டார். நான் அண்ணையோடு இருந்திருக்கவேண்டும். நான்கு காலில் மச்சாளுக்குப் பின்னால் போனேன்.

பாலத்தின் மேல் நடக்கலாம். மச்சாள் நடந்தார். நான் கல்லில் குந்தியிருந்து, அரக்கி அரக்கிப் போய் நடுவில் நின்றுகொண்டேன், அதாவது இருந்துகொண்டேன். கீழே மணல் சிவப்பு, மஞ்சள், பிறகு ஊதா என்று மடிப்பு மடிப்பாகப் போனது. தூரத்துப் பாறைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மங்கிக்கொண்டு போய்க் கடைசியில் வானத்தோடு சேர்ந்தன. சத்தமே இல்லை. மச்சாள் என் பக்கத்தில் வந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்.

"உங்களுக்குப் பயமில்லையோ மச்சாள்?"

"உது பழக்கம்" என்றார். பிறகு, "நான் சுவிசில ஏறுறனான்" என்றார்.

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். மச்சாள் சிரிக்கவில்லை.

அண்ணை வேலைக்குப் போனபிறகு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மச்சாள் சமைத்து வைப்பாராம். பிறகு வீட்டில் ஒருவரும் இல்லை. பாஷை தெரியாது. வெளியில் தனியாகப் போகவேண்டாம், வழி மாறிவிடுவீர் என்று அண்ணை சொல்லியிருந்தார். ஒருநாள் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றையடிப் பாதையில், குப்பை போட்டுவிட்டு, அடுத்த வளைவு மட்டும் போய்ப் பார்ப்போம் என்று போயிருக்கிறார். அடுத்த நாள் அதற்கடுத்த வளைவு. பாதையில் மஞ்சள் அடையாளம் அடித்திருக்கும், அதைப் பார்த்துத் திரும்பிவரப் பாஷை தேவையில்லை. முதல் வருடம் சேலையும் பனிக்கோட்டும். தேவாலயத்தில் பழைய உடுப்புக் கொடுக்கிற இடத்தில்தான் அந்தச் சப்பாத்து கிடைத்ததாம். மேலே ஒரு குடிசையில் இருந்த கிழவி ஒருத்தி, இவர் கால் வைக்கிற விதத்தைப் பார்த்துச் சகிக்காமல், கையால் காட்டி இறங்கப் பழக்கியிருக்கிறாள்.

"எவ்வளவு தூரம் போவியள்?"

"மரம் முடியிற இடத்துக்கு அங்கால. பிள்ளையள் வாறதுக்கு முதல் ஓடி வந்திடுவன்."

"அண்ணை யன்னலால பாத்த மலையோ?"

"அதுதான்" என்றார் மச்சாள். "சிலநேரம் மேல நிண்டு பாத்தால் அவரின்ரை ரெஸ்டோரண்ட் கூரை தெரியும்."

டூட்டிங் கடையில் அண்ணை மலையைப் பற்றி விரிவுரை நடத்தும்போது முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்த அந்த முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஏன் மச்சாள் சொல்லேல்லை?"

"முதல்ல ஏசுவார் எண்டு சொல்லேல்லை. பேந்து, அது என்ரை மட்டும் எண்டு இருக்கட்டும் எண்டு விட்டிட்டன். லண்டனுக்கு வந்தாப்பிறகு சொல்லி என்ன, இஞ்ச கடைதானே."

கீழேயிருந்து அண்ணை கூப்பிட்டார். முதலில் மச்சாளின் பெயர், பிறகு என் பெயர், பிறகு பொதுவாகக் கடவுளின் பெயர். "கொஞ்சம் இருங்கோ!" என்று மச்சாள் திருப்பிக் கத்தினார். பாறைகள் அதை நாலைந்து தரம் சொன்னன. நாங்கள் இன்னும் கொஞ்சம் இருந்தோம்.

இறங்கி வந்தபோது அண்ணை அதே இடத்தில், அதே குந்தலில் இருந்தார். வழிகாட்டி தூங்கிவிட்டார். மச்சாள் அண்ணைக்கு இரண்டடி கீழே போய் நின்று மேலே பார்த்தார்.

"எழும்புங்கோ. உள்ளங்கால் முழுக்கக் கல்லில பதிய வையுங்கோ. பின்னுக்குச் சாயாதேங்கோ, சாய்ஞ்சால்தான் வழுக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடியுங்கோ."

"உமக்கு உதெல்லாம் ஆர் சொன்னது?"

"சுவிசில பழகினது."

"சுவிசில நீர் எங்க போனனீர்?"

"மலைக்கு."

நான் கைபேசியை எடுத்து ஏதோ பார்ப்பதுபோல நின்றேன். டூட்டிங் என்றால் அண்ணை இந்தக் கட்டத்தில் எழும்பிக் கடையின் பின்னறைக்குப் போயிருப்பார், பெட்டி உடைக்கிற சாட்டில். இங்கே பின்னறை இல்லை. அசையவும் ஏலாது. அந்தச் சரிவில் குந்தியபடியே முழுக்கதையையும் கேட்டார். மச்சாள் நின்ற நிலையில், குரல் உயர்த்தாமல், எனக்குச் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்.

அண்ணை மச்சாளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். நாலு அடி முறைப்படி வைத்தார். ஐந்தாவதில் மனம் மாறி இருந்துவிட்டார். மிச்சத் தூரத்தை இருந்தபடியே கடந்தார். களிசான் பின்பக்கம் கிழிந்தது. கழற்றக்கூடிய பகுதி அது இல்லை.

பொழுது சாய்ந்தது. காம்பில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். பாறைகள் சிவந்து, பிறகு கறுக்கத் தொடங்கின. அண்ணை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மணலைப் பார்த்துக் கேட்டார்.

"மழைக்கையும் போறனீரோ?"

"சின்ன மழை எண்டால்."

"நான் லீவில நிக்கிற நாள் ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

"நீங்கள் நித்திரை" என்றார் மச்சாள். "லீவு நாள் பின்னேரம் வரைக்கும் நித்திரைதானே கொள்ளுவியள். களைச்சுப்போய் வருவியள். எழுப்ப மனம் வரேல்லை."

அண்ணை தலையாட்டினார். கோபிக்கப் போகிறாரோ என்று நான் பார்த்தேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "நான் அந்த மலையில ஒருநாளும் கால் வைக்கேல்லை, பிள்ளை" என்றார் என்னிடம். எனக்குத் தெரியாத செய்தி என்பதுபோலச் சொன்னார். நானும் தெரியாததுபோலக் கேட்டுக்கொண்டேன்.

லண்டனுக்குத் திரும்பியதும் அவர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. கடையில் கதை ஓடியது. "பெரிய பாலம், கீழ பாத்தால் தலை சுத்தும், ஏறினனாங்கள்" என்றார் சனத்திடம். அந்த "நாங்கள்" பாவம், நிறையப் பாரம் சுமந்தது. ஆனால் சுவிஸ் என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. யாராவது கேட்டால், "உவவைக் கேளுங்கோ" என்று கல்லாவைக் காட்டினார்.

கல்லாவில் மச்சாள் எல்லா நாளும் இருப்பதில்லை. புதன்கிழமைகளில் அவர் ரயில் ஏறிப் போகிறார், லண்டனுக்கு வெளியே சரேயின் மேடுகளுக்கும் சிலவேளை கடற்கரைப் பாறைகளுக்கும். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள் சிலர் நடக்கிற கூட்டமொன்றைப் பிடித்துவிட்டார். அவர்கள் காற்றையும் மழையையும் பற்றிப் பேசிக்கொண்டே நடப்பார்களாம், இவருக்கு அது பிரச்சினையில்லை, முன்னால் போய்விடுவாராம். நானும் ஒரு தரம் போனேன். சேற்றில் ஒரு சப்பாத்தை விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் எனக்கு வேலை அதிகம்.

போன வியாழக்கிழமை அண்ணை தொலைபேசியில் எடுத்து முறையிட்டார்.

"நேற்று இருட்டினாப்பிறகுதான் பிள்ளை வந்தவ. கேட்டால் ரயில் நிண்டுபோச்சாம்."

"அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"சோறு காய்ச்சி வைச்சனான்."

"நீங்களோ?"

"ஓம். குழைஞ்சுபோச்சு. ஒண்டும் சொல்லாமல் சாப்பிட்டவ. பேந்து படம் காட்டினவ. வெள்ளைப் பாறை, கீழ கடல். வடிவாத்தான் கிடந்தது."